அடிக்கடி சுகர் இறங்குகிறதா? வீட்டில் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

போன வருடம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அப்பா கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு குழறியது. பக்கவாதம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். 108 வண்டியில் வந்தவர் முதல் வேலையாக விரலில் குத்திப் பார்த்தார். மீட்டரில் 38.

குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்து, "ஏம்மா இங்க வந்திருக்கோம்?" என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அன்று மத்தியானமே மறுபடியும் இறங்கியது. இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் சொன்ன ஒரே யோசனை, "பையில் ரெண்டு சாக்லேட் வெச்சுக்கச் சொல்லுங்க" என்பதுதான். அது போதவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் ஐந்து முறை இறங்கியது. காரணத்தைக் கண்டுபிடித்து, மருந்தையும் சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் நடையையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைத்த பிறகுதான் நின்றது. நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதை நீங்கள் ஒரே நாளில் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. அவர் சரியாக முடிவெடுக்கத் தேவையான தகவலைத் திரட்டிக் கொடுப்பது நம் வேலை. கீழே இருப்பதெல்லாம் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

1. மீட்டர் வாங்குங்கள், எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

70-க்குக் கீழே வந்தால் லோ சுகர். 54-க்குக் கீழே போனால் அது அவசரம். லண்டனிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர்களின் மீட்டரில் இதே அளவுகள் 3.9 என்றும் 3.0 என்றும் காட்டும். ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் எண் கேட்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

மீட்டர் ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கும். உண்மையான செலவு ஸ்ட்ரிப்புக்குத்தான். ஒன்றுக்குப் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து ரூபாய் வரை ஆகிறது. ஆகவே மீட்டரின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் தெருமுனைக் கடையில் எந்த மீட்டருக்கு ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். எங்கள் முதல் மீட்டர் மலிவுதான், ஆனால் ஸ்ட்ரிப் வாங்க டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் பாதி நாள் பார்க்கவே இல்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் குத்த வேண்டும். ஒருநாள் அப்பா மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தார். 140 என்று காட்டியது. ஆனால் ஆள் நடுங்கிக்கொண்டிருந்தார். கழுவிவிட்டுப் பார்த்தால் 61. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றைத்தான் மீட்டர் அளந்திருக்கிறது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள்.

எண் மட்டும் போதாது, உங்கள் வீட்டு ஆளின் அடையாளத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கை நடுக்கம், படபடப்பு, குப்பென்று வியர்வை, அகோரப் பசி, கண் மங்கல் என்பவை பொதுவானவை. எங்கள் அப்பாவுக்கு முதல் அடையாளம் கோபம். காரணமே இல்லாமல் அம்மாவிடம் சத்தம் போட ஆரம்பித்தால் இப்போது நாங்கள் மீட்டரைத்தான் எடுக்கிறோம். இரவில் இறங்குகிறவர்களுக்குக் கெட்ட கனவு, நனைந்த தலையணை, எழுந்ததும் தலைவலி என்று தெரியவரும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கும் உடம்பு எச்சரிக்கை கொடுப்பதை மெல்ல நிறுத்திவிடுகிறது. இவர்கள் உடம்பு சொல்வதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, நேரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

2. இறங்கிவிட்டால்: 15 கிராம், 15 நிமிடம்

நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது என்றால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். மேலே வந்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு இட்லி, ஒரு சப்பாத்தி, பாலோடு பிஸ்கட் என்று ஏதாவது ஒன்று. இதைச் செய்யாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் இறங்கலாம். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் தேட வேண்டாம். முதலில் கொடுங்கள், அப்புறம் பாருங்கள்.

15 கிராம் என்பது எவ்வளவு? கடையில் ஐம்பது அறுபது ரூபாய்க்கு விற்கும் குளுக்கோஸ் பவுடரில் குவித்த மூன்று தேக்கரண்டி. சாதாரணச் சர்க்கரையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். பழச்சாறு என்றால் அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. பதற்றத்தில் யாருக்கும் கணக்கு வராது. நான் பவுடரைத் தராசில் நிறுத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டேன். தலைமாட்டில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று, வண்டிப் பெட்டியில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று.

இந்த இடத்தில்தான் அதிகமான தவறுகள் நடக்கின்றன.

சாக்லேட், லட்டு, மைசூர்பா, ஐஸ்கிரீம் இவற்றில் கொழுப்பு அதிகம். சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். அவசரத்துக்கு உதவாது. இளநீரும் கொடுப்பார்கள். ஒரு இளநீரில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் போதாது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் வேறு தொல்லை. டயட் குளிர்பானம், இனிப்பு மாத்திரை போட்ட காபி இரண்டிலும் சர்க்கரையே இல்லை. "சுகர் வீடு" என்பதால் சர்க்கரை டப்பாவையே ஒழித்துவிட்ட வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. தயவுசெய்து ஒரு டப்பா வையுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. மருந்துச் சீட்டில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாகக் கொடுக்கும்போது வோக்ளிபோஸ் பல நேரம் அதில் இருக்கும். இவை குடலில் சர்க்கரை உடைந்து சேர்வதைத் தாமதப்படுத்துகிறவை. ஆகவே சீனி, வெல்லம், கருப்பட்டி கொடுத்தால் மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பவுடர் அப்படியே சேர்ந்துவிடும். இவர்களுக்குக் குளுக்கோஸ் மட்டுமே கொடுக்க வேண்டும்.

பயத்தில் மூன்று டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுவதும் உண்டு. அடுத்த இரண்டு மணி நேரத்தில் 350 காட்டும். அதைக் குறைக்கக் கூடுதலாக இன்சுலின் போடுவார்கள். மறுபடி இறங்கும். பதினைந்து நிமிடம் காத்திருப்பது கடினம், ஆனால் காத்திருங்கள்.

3. மயங்கிவிட்டால்

வாயில் எதையும் ஊற்றாதீர்கள், திணிக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது. "சர்க்கரை நோயாளி, மயங்கிவிட்டார், இன்சுலின் போடுகிறவர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், அல்லது மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். சுகரை ஏற்றும் குளுக்ககான் என்ற ஊசி இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களே போடலாம். ஆனால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. இன்சுலின் போட்டு ஒருமுறையாவது மயங்கியவர் வீட்டில் இருந்தால், அதை வாங்கி வைக்கலாமா, எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கண் விழித்துவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து உடனே அழைத்து வந்துவிடாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு இவையெல்லாம் சல்ஃபோனைல்யூரியா என்ற ஒரே குடும்பம். இந்த மாத்திரைகளால் இறங்கிய சுகர், குளுக்கோஸ் ஏற்றிய பிறகும் மறுபடி மறுபடி இறங்கலாம். வயதானவர்களுக்கு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். எங்களுக்கு அன்று மத்தியானம் நடந்தது அதுதான்.

4. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் கொட்டுங்கள்

இந்த முழு வழிகாட்டியில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அலமாரி, ஃபிரிட்ஜ், கைப்பை, தலையணை ஓரம் எல்லா இடத்திலிருந்தும் அட்டைகளை எடுத்துப் பரப்புங்கள். அட்டையின் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அந்தச் சின்ன எழுத்தை ஒரு தாளில் எழுதுங்கள், பக்கத்தில் மில்லிகிராமையும்.

நான் எழுதியபோது "கிளிமிபிரைடு 2" என்று இரண்டு முறை வந்தது. சில வாரங்களுக்கு முன் காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அங்கே அதே மருந்தை வேறு கம்பெனி பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழையதை நிறுத்தச் சொன்னார்களா என்று யாருக்கும் நினைவில்லை. அப்பா இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒழுங்காகச் சாப்பிட்டதால்தான் விழுந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

அதை நிறுத்திய பிறகும் இறங்குவது நிற்கவில்லை என்பதால், தேட வேண்டிய மற்றவற்றையும் சொல்கிறேன்.

இன்சுலின் போடுகிறவர்கள் சிரிஞ்சைப் பாருங்கள். நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் குழல் ஒரு மில்லியில் 100 யூனிட். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் உடம்பில் ஏறுவது 25 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று குழலிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுகிற வீடுகளில் இது நடக்கிறது. ஒருபோதும் செய்யாதீர்கள். ஊசி போடும் இடத்தையும் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டியாகியிருந்தால் அங்கே மருந்து சரியாக உறிஞ்சப்படாது. திடீரென்று புது இடத்தில் அதே அளவைப் போட்டால் முழுதும் ஏறி இறக்கிவிடும். இடம் மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பாடு அதே, மாத்திரை அதே, ஆனால் சமீபமாக அடிக்கடி இறங்குகிறது என்றால் "சுகர் குணமாகிக்கொண்டு வருகிறது" என்று சந்தோஷப்படாதீர்கள். சிறுநீரகம் சோர்ந்துபோனால் மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். கிரியேட்டினின் பரிசோதனை செய்யுங்கள். இருநூறு ரூபாய்க்கு அக்கம்பக்கம்தான்.

புதிதாக ஆன்டிபயாடிக் ஆரம்பித்தீர்களா? சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவை சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோடு சேரும்போது சுகரை இறக்கலாம். மதுவும் அப்படியே. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கி ரத்தத்தில் விடுவதைத் தடுத்துவிடும், இரவு குடித்தால் மறுநாள் காலைகூட இறங்கும்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சுகர் இவ்வளவு இறங்குவது அரிது. அப்படி இறங்கினால் வேறு ஏதோ இருக்கிறது, கட்டாயம் பாருங்கள்.

எதைக் கண்டுபிடித்தாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரே மருந்து இரட்டிப்பாகப் போகிறது என்று தெரிந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

5. பதினான்கு நாள் நோட்டு

நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எழுத வேண்டியது: எழுந்த நேரம், மாத்திரை அல்லது ஊசி நேரம், சாப்பிட்ட நேரமும் அளவும், நடந்தது, தூங்கியது, சுகர் எண், அப்போது உடம்பு எப்படி இருந்தது. "சாப்பிட்டார்" என்று எழுதினால் பயனில்லை. "9.40, மூன்று இட்லி, மாத்திரை 8.15" என்று எழுதினால் டாக்டர் அந்த இடைவெளியிலேயே விரலை வைத்துவிடுவார். எங்கள் டாக்டர் அப்படித்தான் வைத்தார்.

காலை வெறும் வயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன் என்று நான்கு வேளை. இரவில் இறங்குகிறது என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இரண்டு மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்கு. பதினான்கு நாளுக்கு அறுபது ஸ்ட்ரிப் போகும், எழுநூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை ஆகும். முடியாதவர்கள் வெறும் வயிற்றையும் படுக்கும் முன்பையும் மட்டும் தினமும் பார்த்து, மற்ற இரண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். வசதியுள்ளவர்களுக்குக் கையில் ஒட்டும் சென்சார் உண்டு. ஒன்று பதினான்கு நாள் வரும், ஐயாயிரம் ரூபாய் சுமாருக்கு ஆகிறது. இரவு இறக்கத்தைப் பிடிக்க அது மிகவும் உதவும்.

6. டாக்டரிடம் எடுத்துப் போக வேண்டியவை

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: பதினான்கு நாள் நோட்டு, மருந்துப் பட்டியல், எல்லா அட்டைகளும் ஒரு பையில், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, மூன்று மாதத்துக்குள் எடுத்த எச்பிஏ1சி (சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கிரியேட்டினின், மற்ற டாக்டர்கள் எழுதிய சீட்டுகள். மீட்டரையும் எடுத்துப் போங்கள், பழைய எண்கள் அதில் பதிந்திருக்கும்.

தனியார் பரிசோதனை நிலையத்தில் எச்பிஏ1சி நானூறு முதல் அறுநூறு ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மூலம் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அங்கும் வாங்கித் தனியாரிடமும் வாங்குகிறவர்கள், இரண்டு பக்கமும் மற்றதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எச்பிஏ1சி நன்றாக இருக்கிறது என்ற வார்த்தையில் அடங்கிவிடாதீர்கள். அது மூன்று மாதச் சராசரி. ஒருநாள் 50, ஒருநாள் 220 என்று ஆடினாலும் சராசரி அழகாகத் தெரியும். அப்பாவுக்கு அப்போது 6.3. எல்லோரும் பாராட்டினார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், அறைக்குள் போனதும் மறந்துவிடும். இந்த வயதுக்கு எவ்வளவு எச்பிஏ1சி போதும்? (உடல் தளர்ந்த முதியவர்களுக்கு 7.5, 8 என்றுகூடத் தளர்த்துவார்கள்.) லோ ஆகாத வேறு மாத்திரைக்கு மாற முடியுமா? சாப்பிட முடியாத நாளில், வாந்தி பேதி உள்ள நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? மூன்றாவது கேள்விக்கான பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

7. நாளை ஒழுங்குபடுத்துவது

சாப்பாடு தட்டில் வந்த பிறகு மாத்திரை. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். "மாத்திரை போட்டுக்கோங்க, தோசை ஊத்திட்டு வரேன்" என்று இனி யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு எழுதித் தந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்பு எடுக்க வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஏற்ப அடுப்பை ஏற்றுங்கள்.

வேளைகளுக்கு நடுவே ஐந்து மணி நேர இடைவெளி விழக்கூடாது. பதினொன்றரைக்கு ஒரு கைப்பிடி சுண்டல், நாலு மணிக்கு ஒரு கொய்யாவோ அவித்த வேர்க்கடலையோ. இரவில் இறங்குகிறவர்கள் படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் குடிக்கலாமா என்று கேளுங்கள், அப்பாவுக்கு அது நன்றாக ஒத்துவந்தது. வெறும் கஞ்சி, வெறும் இட்லி சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். பக்கத்தில் பருப்பு, காய், முட்டை ஏதாவது ஒன்று இருந்தால் நின்று நிதானமாகப் போகும்.

நடை நல்லதுதான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு, மதியம் அரைச் சாப்பாடு சாப்பிட்டவர், வேகமாக ஒரு மணி நேரம் நடந்தால் இறங்கத்தான் செய்யும். நடக்கும் முன் பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடுமையாக உழைத்த நாளின் விளைவு அன்று இரவிலும் தெரியலாம், தோட்ட வேலையும் வீடு கழுவுவதும் உழைப்புதான். வண்டி ஓட்டும் முன் 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

தூக்கத்தையும் மனத்தையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை மயங்கி விழுந்தவருக்குள் பெரிய பயம் இருக்கும். அப்பா அந்தப் பயத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பிஸ்கட் சாப்பிட ஆரம்பித்தார். காலையில் 260 காட்டும், அதைக் குறைக்க மதியம் சாப்பாட்டைக் குறைப்பார், மாலையில் இறங்கும். திட்டிப் பயனில்லை. பத்து நாள் அவர் பக்கத்தில் நான் படுத்துக்கொண்டேன், மூன்று மணிக்கு எழுந்து பார்த்து "120 இருக்குப்பா, தூங்குங்க" என்று சொன்னேன். தானாக நின்றது.

இனி, வழக்கமான நாளைக் குலைக்கிற சந்தர்ப்பங்கள். அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் போகும் காலையில் பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்காருவார்கள். மாத்திரையும் சாப்பாடும் பையில் இருக்கட்டும், ரத்தம் கொடுத்த பிறகு இரண்டும் சேர்ந்து. கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று தெரியாது, சமையல்காரரிடம் சொல்லி முன்பே நாலு இட்லி வாங்கிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். துக்க வீட்டில் எடுக்கும் வரை அடுப்பு எரியாது. பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்கள்தான் தனியாக அழைத்துப் போய்ச் சாப்பிட வைக்க வேண்டும். கோயில் தரிசன வரிசை, முன்பதிவில்லாத பெட்டிப் பயணம் எல்லாவற்றுக்கும் குளுக்கோஸ் பொட்டலமும் கட்டுச்சோறும்.

விரதம் இருக்கிறவர்கள், ஏகாதசியோ சஷ்டியோ ரமலான் நோன்போ, சில வாரங்களுக்கு முன்பே டாக்டரிடம் போய் அளவை மாற்றி எழுதி வாங்குங்கள். சிலரை இருக்க வேண்டாம் என்றே சொல்வார்கள். 70-க்குக் கீழே வந்தால் விரதத்தை முடித்துவிட வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சு வேண்டாம்.

8. நாட்டு மருந்து எடுக்கிறவர்களுக்கு

நான் சித்த மருத்துவத்தை மதிக்கிறவள். அதனால்தான் சொல்கிறேன், அவை வெறும் தூள் இல்லை. சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி இவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு. ஏற்கெனவே குறைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் இரண்டும் கூடும். "இது மூலிகைதானே" என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். சித்த மருத்துவரிடம் இன்சுலின் அளவை மறைக்காதீர்கள். பெயர், உள்ளடக்கம் எழுதாத பொட்டலப் பொடியை வாங்கவே வாங்காதீர்கள், உள்ளே ஆங்கில மருந்தைக் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

9. சட்டைப்பை அட்டை

விசிட்டிங் கார்டு அளவில் ஒரு அட்டை. பெயர், "எனக்குச் சர்க்கரை நோய். நான் தடுமாறினால் குடித்தவன் என்று நினைக்க வேண்டாம். விழுங்க முடிந்தால் பையிலுள்ள குளுக்கோஸைக் கொடுங்கள். மயங்கியிருந்தால் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்," மருந்துகளின் பெயர், இரண்டு போன் எண்கள். லேமினேஷனோடு இருபது ரூபாய். தமிழில் எழுதுங்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் படிக்க வேண்டும். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போவதால்தான் பலருக்கு உதவி தாமதமாகிறது.

பக்கத்து வீட்டுக்காரர், காலை நடைக்கு உடன் வருகிறவர், டீக்கடைக்காரர் என்று மூன்று பேருக்காவது சொல்லி வையுங்கள்.

10. சுகர் நோயே இல்லாதவர்களுக்கு

சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, பசி வருகிறதா? நீங்களாக லோ சுகர் என்று முடிவு செய்யாதீர்கள். ரத்தச் சோகை, தைராய்டு, பதற்றம் எல்லாவற்றுக்கும் இதே அறிகுறிகள் வரும். அறிகுறி இருக்கும் அந்த நிமிடம் எண் உண்மையிலேயே குறைவாக இருக்க வேண்டும், சாப்பிட்டதும் அறிகுறி போக வேண்டும். இரண்டும் இருந்தால் எழுதி வைத்து டாக்டரைப் பாருங்கள். இனிப்புக் காபி, மைதா, வெள்ளைச் சோறு இவற்றைத் தனியாக வெறும் வயிற்றில் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, பருப்பும் காயும் சேர்த்துச் சாப்பிட்டாலே பலருக்குக் குறையும். இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்தவர்களும், வெறும் வயிற்றில் இறங்குகிறவர்களும் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம்.

11. மருந்து மாறிய பிறகு

முதல் இரண்டு வாரம் மறுபடியும் நோட்டு. எண் கொஞ்சம் ஏறும், 160, 180 என்று வரும். பயந்து பழைய மாத்திரையை எடுக்காதீர்கள், எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்தால் போதும். அதற்கு முன் எடுத்தால் பழைய நாட்களும் கணக்கில் சேர்ந்துவிடும். எங்களுக்கு 7.4 வந்தது, ஒருநாளும் 70-க்குக் கீழே போகவில்லை.

நிறுத்திய மாத்திரைகளின் அட்டைகளை அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று அம்மா எடுத்து வைத்த அரை அட்டையை ஆறு மாதம் கழித்து அரிசிப் பானைக்குப் பின்னால் கண்டெடுத்தேன்.